மேடான் பயணத்தில் எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள மேடானுக்குப் போய்ச் சுகமாகத் திரும்பிவிட்டோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தோம். அன்று என் கணவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, எனக்கோ பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல். சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

சுமத்ராவில் தமிழர் இருக்கிறார்களா என்று நம் சபையிலேயே பலர் கேட்டீர்கள். சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மேடானின் குவாலாநாமு விமான நிலையம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டால் போதும், அவ்வளவு பக்கம். 1863இல் நின்ஹுய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரத்தில் புகையிலை போட ஆரம்பித்தார். தோட்டங்கள் பெருகப் பெருக, சீனரையும் ஜாவாக்காரரையும் போல நம்மவர்களும் பிழைப்புத் தேடிப் போனார்கள். மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலை போட்டார்கள். இன்றைக்கும் ஊருக்கு நடுவே கம்போங் மெட்ராஸ் என்றொரு பகுதி இருக்கிறது. 1884இல் எழும்பிய மாரியம்மன் கோவில் அங்கேதான் நிற்கிறது. தஞ்சோங் செலாமாட் பக்கம் போனால், கத்தோலிக்கச் சகோதரர்கள் 2005இல் கட்டி முடித்த அன்னை வேளாங்கண்ணி ஆலயம் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. 1905இல் பினாங்கிலிருந்து மேடானுக்குப் போய் அங்கே மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கியவரே ஒரு தமிழர்தான், சாலமன் பாக்கியநாதன் என்ற ஆசிரியர். நமக்கு முன்னால் எத்தனையோ பேர் நடந்த வழியில்தான் நாங்களும் போய் வந்தோம்.

கூட்டம் போட்டுப் பிரசங்கம் பண்ண நாங்கள் போகவில்லை. அங்கே வீடுகளில் கூடி ஜெபிக்கிற தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து, பெரியவர்களோடு உட்கார்ந்து தமிழில் வேதம் வாசித்து, பாடி, ஜெபித்து வரப் போனோம். அந்தப் பெரியவர்கள் கேட்டதும் அது ஒன்றைத்தான். பேரப் பிள்ளைகள் தங்கமானவர்கள், ஆனால் அவர்கள் பேசுவது இந்தோனேசிய மொழி. பள்ளியில் தமிழ் கிடையாது. இங்கே நம் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியிலிருந்தே தமிழ் வகுப்பு, தமிழ்ப் பாடநூல், நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்ற உரிமை. இவ்வளவு கிடைத்திருப்பதற்கு நான் இதுவரை ஆண்டவருக்கு முழங்கால் போட்டு நன்றி சொன்னதில்லை. இப்போது தினமும் சொல்கிறேன்.

செங்காங் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. பெரியவர்களுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசித்தபோது, வேட்டி சேலை வேண்டாம், வாசிப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள் என்று சொன்னவர் அவர்தான். சொன்னதோடு நிற்காமல் புளோக் புளோக்காக ஏறி இறங்கிச் சேகரித்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பவர் எவ்வளவு என்று ஒரு துண்டு டேப்பில் எழுதிக் காம்பில் ஒட்டியிருந்தார். ஆர்மீனியன் ஸ்திரீட் பைபிள் ஹவுஸில் பெரிய எழுத்து வேதாகமங்களை வாங்கிக் கொடுத்த வாலிபர் ஐக்கியத்தையும், எங்கள் வீட்டுக்குத் தராசோடு வந்து, எடை மிஞ்சாமல் பெட்டிகளை இரவு வெகுநேரம் வரை மாற்றி மாற்றி அடுக்கிய தம்பியையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அக்கா, நீங்கள் பார்க்காததை உங்களுக்காக எழுதுகிறேன். மேடானுக்குப் பக்கத்து ஊரான லுபுக் பாக்காமில் ஒரு பாட்டியம்மா. எண்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த அப்பா கற்றுக் கொடுத்த தமிழ் எழுத்து அவருக்கு மறக்கவில்லை. கண்தான் மங்கிவிட்டது. 2.00 போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். 2.50 கொடுத்தோம், தலையை ஆட்டினார். 3.00 போட்டதும் வேதாகமத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் உதவிக்குக் குனிந்தேன். "பாப்பா, நீ சும்மா இரு, நான் படிக்கிறேன்" என்றார். விரலை வரிக்கு வரி நகர்த்தி 121ஆம் சங்கீதத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல், தெருவுக்கே கேட்கிற குரலில் வாசித்தார். பேரப் பிள்ளைகள் வாசற்படியில் நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். பாட்டி வாசித்து அவர்கள் கேட்டதே இல்லையாம். ஒருவன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். அந்தப் பையன் அன்று சாயங்காலமே வந்து, இந்த எழுத்தை எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டான்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே, உங்கள் குரலில் பதிவு செய்து கொடுத்த சங்கீதங்களும் பாட்டுகளும் பெரியவர்களுடைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேடானை அடுத்த பிஞ்சாயில் ஒரு தாத்தா, நடுவில் ஒரு குட்டிப் பையன் தும்மினானே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்.

மேடானில் எங்களைத் தாங்கியவர்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஓர் அக்கா இருக்கிறார். பகலில் துணிக்கடையில் வேலை. ஞாயிறு பிற்பகல்தோறும் தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, முதியவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து உட்கார வைத்து, ஜெபத்தை நடத்தி, கஞ்சியோ காப்பியோ கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார். நாங்கள் போகும் முன்பும் செய்தார், இந்த ஞாயிறும் செய்திருப்பார். எங்களைப் போலக் குறுகிய நாட்கள் போய் வருகிறவர்களுக்கு மேடையில் சால்வை போடுகிறோம். அந்தச் சால்வை உண்மையில் இப்படிப்பட்டவர்களுக்குச் சேர வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருக்குத் தெரிந்த, வடசுமத்ராவின் பூர்வகுடிகளான பாத்தாக் இனத்துக் குடும்பம் ஒன்று தங்கள் கிஜாங் வண்டியோடு வந்து எங்களை ஊர் ஊராக அழைத்துப் போனது. வாடகை என்று பேச்செடுத்தாலே கோபம் வந்தது அவர்களுக்கு. நடுவில் என் கணவருக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு அனலாகக் கொதித்தபோது, டெங்கியாக இருக்குமோ என்று நான் கலங்கிப் போனேன். அந்த வீட்டு மகள் தாதி. இரவோடு இரவாக ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், டெங்கி இல்லை என்று தெரிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் அன்று அவருடைய அம்மா எங்கள் இருவர் தோளையும் சேர்த்து ஓர் உலோஸ் துணியைப் போர்த்தி ஆசீர்வதித்தார். பாத்தாக்காரர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற மரியாதை அது.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் மாமியாருக்கு நேரம் தவறாமல் இன்சுலின் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே பயணத்தைக் கைவிட இருந்தோம். கீழ்மாடிச் சகோதரி, "நீங்க போங்க, அம்மாவை நான் பார்த்துக்கிறேன்" என்றார். காலையும் மாலையும் வேலைக்கு முன்னும் பின்னும் வந்து, சர்க்கரை அளவு, ஊசி போட்ட நேரம், என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். ஒரு நாள் பக்கத்தில், "அம்மா இன்று ரசம் கேட்டார், வைத்துக் கொடுத்தேன்" என்று இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, முஸ்லிம். போகும் முன்பு பல சாயங்காலங்கள் எங்களுக்குத் தேநீர் கொடுத்து, இந்தோனேசியாவில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். நாங்கள் இல்லாத மதிய நேரங்களில் மாமியாருக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த மடலை மலாயில் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். தெரிமா காசி, நன்றி மக்சிக்.

காணிக்கையில் மீந்த பணத்தை மூப்பர்களின் சம்மதத்தோடு மேடான் அக்காவிடமே கொடுத்து வந்தோம். முதியவர்களை அழைத்து வர அங்கோட் என்கிற சிற்றுந்துக் கூலிக்கு ஆகும். கணக்குத் தாள் சபை அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 3.00 கண்ணாடிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். வீட்டில் சும்மா கிடந்தால் செங்காங் அக்காவிடம் சேர்த்துவிடுங்கள்.

அந்த மேடான் அக்கா ஆண்டு இறுதியில் சிங்கப்பூர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நம்மோடு ஆராதனைக்கு வருவார். என்னை முந்திக்கொண்டு நீங்களே அவரிடம் போய் நன்றி சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும், இருந்து கேளுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், எல்லோரும் வாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரனும் சகோதரியும்
ஈசூன், சிங்கப்பூர்