செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மேடைக்கு ஒரு கீபோர்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்தக் குளிரிலும் நேரத்துக்கு வந்து சேர்ந்த இசைக் கலைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். குன்னூர் வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

வழக்கமான செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அனுப்ப வேண்டிய படிவங்கள் அனுப்பப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா பாக்கி இந்த ஆண்டும் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் சிறு தேயிலை விவசாயிகள். பசுந்தேயிலை விலை போகிற போக்கைப் பார்த்தால் யாரையும் நெருக்கிக் கேட்க மனம் வரவில்லை. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, சமவெளி சவுண்டு சர்வீஸ்காரர்களை நம்பி நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதை உறுப்பினர்கள் குறைத்துக்கொண்டார்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள நம்மூர் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் உள்ளூர் செட்டுக்கு வேலை கூடியது. நல்லதுதான்.

இனி, சென்ற பேரவை எங்கள் தலையில் கட்டிய வேலைக்கு வருகிறேன். ஆர்கனும் பியானோவும் நன்றாக ஒலிக்கிற, ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு மேடைக் கீபோர்டைப் பார்த்து ஆராய்ந்து பரிந்துரை தரவேண்டும் என்பது தீர்மானம். அறிக்கையில் பெரும்பகுதி இதுதான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் பழைய கீபோர்டுக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள். கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை ஓடுகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அதில் இரண்டு தொடுபுள்ளிகள். முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான் நாம் மெதுவாக அழுத்தினோமா ஓங்கி அடித்தோமா என்று கருவி கணக்கிடுகிறது. நம்மூர் ஈரத்தில் ஒரு புள்ளி பூசணம் பிடித்தால் கணக்கு தப்பும். தாலாட்டு வாசிக்கும்போது நடுவில் ஒரு ஸ்வரம் மட்டும் அலறுவது அதனால்தான். கழற்றித் துடைத்தோம். மறுமழைக்கு மீண்டும் அலறியது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வாடகைக்கு ஒன்று எடுத்தோம். பாட்டு ஆரம்பித்ததும் எல்லா ஸ்வரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்தன; பெடலை மிதித்தால் நின்றன. அதாவது பெடலை மிதித்தால் ஸ்வரத்தை நீட்ட வேண்டிய சஸ்டெயின் தலைகீழ். பாடகர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அணைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்ததும் சரியானது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும் அந்தக் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்கின்றன. அவசரத்தில் காலை வைத்தபடி ஆன் செய்தால் இப்படித்தான் ஆகும். இதை எல்லாரும் நினைவில் வையுங்கள்.

ஆராயும் குழுவில் தேவாலயப் பாடகர் குழுவின் மாஸ்டர், மெல்லிசையில் கீ வாசிக்கும் தம்பி, மிக்சரில் உட்காரும் அண்ணன், நான். கோவைக் கடைகளில் வாசித்துப் பார்த்தோம். தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி நம் மண்டபத்திலும் வாசித்துப் பார்த்தோம். இரண்டாவதுதான் உண்மையான சோதனை. கடையில் ஹெட்போனில் கேட்டதை நம்பி முடிவெடுத்திருந்தால் வேறொன்றை வாங்கச் சொல்லியிருப்போம்.

முதலில் ஆர்கன். மேடைக் கீபோர்டில் ஆர்கன் என்றால் பெரும்பாலும் ஹேமண்ட் ஆர்கனின் ஒலிதான். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கும் எட்டட்டும் என்று 1935-இல் விற்பனைக்கு வந்த கருவி அது. உள்ளே 91 பல்சக்கரங்கள் சுழன்று ஒலியை உண்டாக்கும். புகழ்பெற்ற பி-3 மாடல் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடை. அந்த ஒலியைத்தான் இன்று ஏழெட்டு கிலோவில் கேட்கிறோம். அதன் உயிர் ஒன்பது டிராபார்களில், அதாவது இழுத்தும் தள்ளியும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகளில் இருக்கிறது. 16 அடியில் தொடங்கி 1 அடி வரை குழாய் நீளக் கணக்கில் பெயர். ஒவ்வொன்றிலும் 0 முதல் 8 வரை அளவு. முதல் இரண்டும் பழுப்பு, ஸ்தாயி ஸ்தாயியாக ஏறுபவை வெள்ளை, இடையில் வருபவை கறுப்பு. முதல் மூன்றையும் முழுக்க இழுத்து மற்றதை மூடினால் தடித்த, வெதுவெதுப்பான நாதம். ஒன்பதையும் இழுத்தால் கோயில் அதிரும்.

இழுத்தால்தான் சத்தம் கூடும் என்பதைக் கவனியுங்கள். மிக்சர் அண்ணனுக்கு, சத்தம் கூட்ட மிக்சரின் ஃபேடர் பட்டைகளை மேலே தள்ளித்தான் பழக்கம். சோதனையின்போது, “தம்பி, ஆர்கன் கேக்கல” என்று அவரே வந்து ஒன்பதையும் ஒரே கையால் மேலே தள்ளிவிட்டார். இருந்ததும் போயிற்று. “அண்ணா, அது ஃபேடர் இல்ல, விடுங்கண்ணா” என்று தம்பி கத்தியது கடைசி வரிசை வரை கேட்டது.

ஆர்கன் ஒலி நல்லதா என்று கண்டுபிடிக்க மாஸ்டர் இரண்டு வழி காட்டினார். ஒன்று, ஸ்வரத்தின் தொடக்கத்தில் தட்டு ஒலி சேர்க்கும் பெர்க்கஷனைப் போட்டுவிட்டு, கட்டையை முழுதாக விடாமல் அடுத்த ஸ்வரத்துக்கு நழுவ வேண்டும். அசல் கருவியில் முதல் ஸ்வரத்துக்கு மட்டுமே ‘டிக்’ என்று தட்டு விழும். கை முழுதும் எடுத்து மறுபடி வைத்தால்தான் அடுத்த தட்டு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தட்டினால் அது பொம்மை ஆர்கன். இரண்டாவது சோதனை லெஸ்லி. டொனால்டு லெஸ்லி செய்த சுழலும் ஸ்பீக்கரில் மேல் ஒலிக்கு ஒரு கொம்பு, கீழ் ஒலிக்கு ஓர் உருளை. மெதுவேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சுற்று, வேகத்தில் 400. வேகம் மாற்றியதும் கொம்பு சட்டென்று ஓடும், கனமான உருளை பின்தங்கித்தான் வந்து சேரும். கீபோர்டில் பொத்தானை அழுத்திவிட்டு இந்த இரண்டும் தனித்தனியே வேகமெடுப்பது கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக நடுங்கினால் வேண்டாம்.

பியானோவில்தான் மண்டபம் எங்களைத் திருத்தியது. கடையில் ஹெட்போனில் அகலமாக, அழகாகக் கேட்ட பியானோ, நம் மண்டபத்தில் இடது வலது என்று பிரியாமல் ஒரே ஒயரில் மோனோவாகப் போனதும் நடுஸ்தாயியில் சவசவவென்று ஆகிவிட்டது. பியானோவை இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவாகப் பதிவு செய்கிறார்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டும்போது சில அதிர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் ஸ்டீரியோ இருக்கிறது? ஆகவே மோனோவுக்கென்றே பியானோ ஒலி இருக்கிற கருவியா, ஒரு பக்கத்தை மட்டும் அனுப்ப வழி உண்டா என்பதைப் பட்டியலில் மேலே கொண்டுவந்தோம். பெயர் பெற்ற கருவிகளிலேயே சில பியானோ மோனோவில் நிற்கின்றன, சில நிற்பதில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்தது கட்டை. ஆர்கன் வாசிப்பவருக்கு இலேசான, முன்விளிம்பு மழுங்கிய கட்டை வேண்டும்; உள்ளங்கையால் சர்ரென்று தேய்க்க வேண்டியிருக்கிறது. பியானோவுக்கு சுத்தியலின் கனம் வேண்டும். கனத்த கட்டையில் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டிய தம்பியின் கை சிவந்துபோனது. ஒரே பலகையில் இரண்டுக்கும் முழுத் திருப்தி கிடையாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நாங்கள் வாசித்தவற்றில் நினைவில் நிற்பவை மூன்று. 2001 முதல் எலெக்ட்ரோ வரிசையைச் செய்துவரும் ஸ்வீடன் நிறுவனத்தின் நார்ட் எலெக்ட்ரோ 6டி. ஆர்கனும் பியானோவும் அருமை, முகப்பில் எல்லாம் கைக்கெட்டுகிறது. மாஸ்டர் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அதில் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் வீல் கிடையாது. கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் அது தேவையில்லை. மெல்லிசையில் புல்லாங்குழலோ நாகஸ்வரமோ போட்டு ஒரு கமகம் வளைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? தம்பி அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டார். அடுத்தது ரோலண்ட் விஆர்-09. 2013-இல் வந்தது, 61 கட்டை, ஐந்தரை கிலோ. மூன்றில் இதுதான் இலேசு. டிராபார் இருக்கிறது, பிட்ச் லீவர் இருக்கிறது, டிரம்ஸ் தாளம் மட்டும் உண்டு. பியானோ வாசிக்கக் கட்டை கொஞ்சம் அற்பமாகத் தோன்றியது மாஸ்டருக்கு. மூன்றாவது யமஹா ஒய்சி61. 7.1 கிலோ, 61 கட்டை, முன்விளிம்பு ஆர்கன் பாணி, ஒன்பது டிராபார், பிட்ச் லீவர். எலெக்ட்ரிக் பியானோ ஒலிக்கு எஃப்எம் (ரேடியோ அல்ல, ஒலியை மின்முறையில் உருவாக்கும் ஒரு வழி) பகுதி தனியே. இதன் மூத்த அண்ணன் ஒய்சி73-இல் சுத்தியல் கட்டை, 73 எண்ணம். எடை 13 கிலோவுக்கு மேல்.

எடையைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டாம். சாலைக்குக் கீழே படியிறங்கும் மண்டபம், சாலைக்கு மேலே படியேறும் கோயில், எஸ்டேட் லயத்துக்கு ஜீப்பில் பாதியும் நடந்து பாதியும். ஸ்டாண்ட், அடாப்டர், பெடல், ஒயர்ப் பை எல்லாம் சேர்ந்துதான் எடை.

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை; வாங்கிய மதிப்பீடுகள் பொருளாளர் கோப்பில் உள்ளன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த வகைக் கருவியில் ‘ஸ்டைல்’ என்று நாம் பழகிய தானியங்கிப் பக்கவாத்தியம் கிடையாது. படுகர் கல்யாணங்களில் தாளம் போட்டுவிட்டு ஒற்றைக் கையால் சமாளிக்கும் உறுப்பினர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அவர்களுக்கு ரிதம் பேட் வாசிக்க ஓர் ஆள் கூடவே வேண்டும்.

பராமரிப்புக்கு மூன்று கட்டுப்பாடு கேட்கிறோம். பனி இரவில் ஜீப்பின் பின்னால் கிடந்த கருவியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் ஆன் செய்யக் கூடாது; உள்ளே நீர் பூத்திருக்கும், உறையைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் கரண்டில் ஸ்டெபிலைசர் இல்லாமல் சொருகக் கூடாது. ‘உம்’ என்ற இரைச்சல் வந்தால் எர்த் கம்பியைப் பிடுங்குவது நம்மவர் வழக்கம். அது உயிருக்கு ஆபத்து. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் இடையில் மாட்டும் டிஐ பாக்ஸ் வாங்கித் தருகிறோம், அதில் எர்த் துண்டிக்கும் சுவிட்ச் ஒலி ஒயருக்கு மட்டும் வேலை செய்யும்.

குழுவின் பரிந்துரை ஒய்சி61. மூவர் ஒப்பினோம். மாஸ்டர் ஒப்பவில்லை; அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: “மேடைக்கு நீங்க சொல்றது சரி சார். ஆனா சங்கத்துல பியானோ கத்துக்கிற பிள்ளைங்க இந்த இலேசுக் கட்டையில பழகினா விரல்ல பலமே வராது.” அவர் கேட்பது, மண்டபத்தை விட்டு நகராத 88 கனக்கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று, பழையதானாலும் சரி. அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. பணம்தான் இல்லை.

ஆகவே பேரவை முன் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. ஒய்சி61-ஐ இந்த ஆண்டே வாங்குவது முதலாவது. பியானோவுக்கென்று தனி நிதி திரட்டத் தொடங்குவது இரண்டாவது. அதை மாஸ்டரே முன்மொழிவார். முதல் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் எழுந்து பெயரைச் சொல்லவும்.

செயலாளர்
குன்னூர்