நீனா நெஸ்பிட் காணாமல் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எட் ஷீரனைப் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். 2025 பிப்ரவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அவர் பாடியதையும், ரகுமான் மேடையேறி அவரோடு ‘ஊர்வசி’ பாடியதையும் படிக்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் போகிற போக்கில் நீனா நெஸ்பிட் பெயர் வருகிறது. ஷீரனின் பழைய காதலி, இங்கிலாந்துப் பாடகி, இசைக் கம்பெனி கைவிட்டதும் காணாமல் போனவர். ஒரே வாக்கியத்தில் இவ்வளவும். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை, இதழை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் ஊர். அவர் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவின் ஓரத்தில் இருக்கும் பலெர்னோ கிராமத்தில் வளர்ந்தவர், அம்மா சுவீடன் நாட்டவர். இங்கிலாந்துக்காரர் ஷீரன்தான். பாடகி ஆனி லெனாக்ஸ் பற்றி முன்பு ஒரு கட்டுரை போட்டபோதும், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்த அவரை இங்கிலாந்துக்காரர் ஆக்கினீர்கள். அப்போதே எழுதினேன், பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இங்கே எடின்பரோவில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் யாராவது நீங்கள் இங்கிலாந்தா என்று கேட்டுவிட்டால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இது தெரியாமல் இருக்காது, ஏனென்றால் கால்பந்து பற்றி எழுதும்போது மட்டும் ஸ்காட்லாந்து அணி, இங்கிலாந்து அணி என்று சரியாகப் பிரித்துத்தான் எழுதுகிறீர்கள்.

சரி, காணாமல் போன கதைக்கு வருகிறேன். 2011இல் எடின்பரோவில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு வந்த ஷீரன், அங்கே இவர் பாடியதைக் கேட்டுத் தன் கச்சேரிகளில் முன்னால் பாட அழைத்தது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை. 2014இல் வந்த ஷீரனின் ஆல்பத்தில் ‘நீனா’ என்றே ஒரு பாட்டு இருப்பதும் உண்மை. ஆனால் அதே 2014 பிப்ரவரியில், பத்தொன்பது வயதில், நெஸ்பிட்டின் முதல் ஆல்பமான ‘பெராக்ஸைட்’ ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனி வழியாக வந்து பிரிட்டன் பட்டியலில் 11ஆம் இடத்தையும் ஸ்காட்லாந்துப் பட்டியலில் முதல் இடத்தையும் பிடித்ததே, அதற்கு உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வரி கூடவா இடமில்லை? ஷீரனின் பாட்டுகள் வரிசையாகப் பெயரோடு வருகின்றன. இவருடைய பாட்டு ஒன்றின் பெயர் கூட இல்லை.

அப்புறம் ஐலண்டோடு உறவு முடிந்தது. அந்த இடத்தோடு உங்கள் கட்டுரையாளருக்கு அவர் கதை முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால் அங்கேதான் தொடங்குகிறது. கம்பெனி போனபின் அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதினார், தயாரிப்பு வேலையையும் தானே செய்யத் தொடங்கினார், ‘குக்கிங் வினைல்’ என்ற சுயேச்சையான கம்பெனியோடு சேர்ந்து 2019இல் இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 2022இல் ‘எல்ஸ்கார்’, அம்மாவின் மொழியில் பெயர் வைத்தது. 2024 செப்டம்பரில் ‘மவுன்டன் மியூசிக்’, நாட்டுப்புற வாசனையோடு, கிட்டாரும் குரலும் முன்னால் நிற்கிற ஆல்பம், அதை வெளியிட்டது ஆப்பிள் ட்ரீ ரெக்கார்ட்ஸ் என்ற அவருடைய சொந்த நிறுவனம். 2012இல், பதினேழு வயதில், அவர் வெளியிட்ட குறு ஆல்பத்தின் பெயரும் ‘தி ஆப்பிள் ட்ரீ’தான். பத்து வருடத்துக்கு மேல் விடாமல் எழுதிப் பாடி, கடைசியில் தன் பாட்டைத் தானே வெளியிடும் நிலைக்கு வந்த ஒருவரை எப்படிக் காணாமல் போனவர் என்று சொல்ல மனம் வந்தது?

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்கு வீட்டிலேயே தெரியும். என் மகள் பாட்டு எழுதிப் பாடுகிறாள். பெரிய கம்பெனி என்றால் முன்பணம் கொடுப்பார்கள், அந்தப் பணம் வருமானத்தில் கழிந்து தீரும்வரை பாடகருக்கு ராயல்டி வராது, ஒலிப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் கம்பெனியிடமே இருக்கும். தனியாகச் செய்தால் உரிமை நம்முடையது, செலவும் நம்முடையது. காபிக் கடையில் சனிக்கிழமை வேலை பார்த்துச் சேர்த்த காசில் என் மகள் ஸ்டுடியோவுக்குக் கொடுத்தாள், மிக்ஸிங்குக்குக் கொடுத்தாள், அட்டைப் படத்தை அவள் தோழி வரைந்தாள். பாட்டு ஸ்பாட்டிஃபையில் ஏற ஒரு விநியோக நிறுவனத்துக்கு வருடச் சந்தா, ஒவ்வொரு பாட்டின் ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண், எழுதியவர் பங்கு வருவதற்கு, அதை வசூலித்துக் கொடுக்கும் பி.ஆர்.எஸ். அமைப்பில் பதிவு என்று இரவெல்லாம் நானும் அவளும் படிவம் நிரப்பியிருக்கிறோம். முதலில் கைக்கு வந்த பணம் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காணாது. அவளை ஒருநாள் நெஸ்பிட் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். பெரிய அரங்கம் இல்லை, ஆனால் நிற்க இடமில்லாத கூட்டம், பாட்டு வரிகளை எல்லாரும் அவரோடு சேர்ந்து பாடினார்கள். திரும்பும் ரயிலில் என் மகள் அடுத்த பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வரும். உங்கள் இதழை வீட்டில் அவளும் புரட்டுகிறாள். கம்பெனி இல்லையென்றால் ஆளே இல்லை என்று அவள் உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நெஸ்பிட் ஒருவர் மட்டும் இல்லை. கிளாஸ்கோவின் காசில்மில்க் பகுதியிலிருந்து வந்த பாடகர் ஜெர்ரி சினமன் பெரிய கம்பெனி எதிலும் சேராமல் 2020இல் ‘தி பானி’ ஆல்பத்தை பிரிட்டன் பட்டியலின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார், 2022 ஜூலையில் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானத்திலேயே பாடினார். உங்கள் இதழில் அவரைப் பற்றி ஒரு துணுக்கு கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்கள் என்றாலே உங்கள் பக்கங்களில் யாருடைய மனைவி, யாருடைய காதலி என்றுதான் தொடங்குகிறது. இங்கே ஒரு பொங்கல் விழாவில், கணக்காளராக இத்தனை வருடம் வேலை பார்க்கும் என்னை, அந்த விழாவின் வரவு செலவையே எழுதிக் கொடுத்த என்னை, மேடையில் டாக்டரின் மனைவி என்று மட்டும் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. மேடையில் அவசரத்தில் சொல்கிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். அச்சில் போடுவதற்கு முன் நீங்கள் இரண்டு பேர் படித்துத்தானே அனுப்புகிறீர்கள்?

அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் இதழ் உங்களுடையது, கடல் தாண்டி வந்த பிறகும் சந்தாவை விடவில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன். நீனா நெஸ்பிட் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், இன்றும் சொந்த நிறுவனத்தில் ஆல்பம் வெளியிடுகிறவர் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இணையத்தில் இருக்கும் கட்டுரையிலும் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். ‘மவுன்டன் மியூசிக்’ பற்றி யாராவது கேட்டுவிட்டு அரைப் பக்கம் எழுதினால் இன்னும் நல்லது. இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் போன தடவை போல முதல் பத்தியோடு வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்,
எடின்பரோ, ஸ்காட்லாந்து