சான்றிதழ் கன்று பிழைத்த பின்

ஆசிரியருக்கு,

நீலகிரி தொடக்கப் பள்ளிகளில் மரக்கன்று நட்டுச் சான்றிதழ் வழங்கும் விழாக்கள் பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான இம்மலையில், குழந்தைகளுக்கு ஒருநாள் விழா போதாது. நான் பணியாற்றிய பள்ளியில் விழாவன்று நட்ட கன்றுகள் தை உறைபனியில் கருகின. புகைப்படம் மட்டும் சுவரில் தொங்கியது. மறு ஆண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளே சோலையோரம் உதிர்ந்த நாவல் விதைகளைப் பொறுக்கி, கழுவிய பால் பாக்கெட்டுகளில் முளைக்கவைத்தனர். பனிக்காலம் முழுவதும் மாலையில் காய்ந்த புல்லால் மூடி, வெயில் ஏறியதும் விலக்கினர். விடுமுறையிலும் வந்தார்கள், யாரும் சொல்லாமலே! பதினொரு கன்றுகள் பிழைத்தன.

விழாச் செலவில் பள்ளிதோறும் சிறு நாற்றங்கால் அமைத்துத் தரலாம். நடவு ஜூன் மழையோடு நடக்கட்டும். சான்றிதழை அடுத்த ஜூனில், உயிரோடு நிற்கும் கன்றைப் பார்த்த பிறகு வழங்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி