கறையானைத் திட்டாதே, செல்வி

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா,
அக்டோபர் 6

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலமாரியின் பின்பலகையை முழுக்கக் கறையான் தின்று, நம் காலேஜ் ஆல்பமும் பாதி மண்ணாய்ப் போயிற்று என்று படித்ததும் வயிறு எரிந்தது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் எடுத்தோமே, அந்தப் படம் தப்பியதா? அதை நீ எழுதவே இல்லை. மருந்தடிக்க வந்தவன் போன மறுவாரமே வேறு மூலையில் புற்று கிளம்பியதைச் சொல்லி நீ திட்டியிருந்த இடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கறையானுக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒரு காட்டைவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தேன்.

காட்டின் பெயர் டிரையாண்ட்ரா. பெர்த்திலிருந்து தென்கிழக்கே 170 கிலோமீட்டர் இருக்கும். மகன் மூன்று நாள் லீவு போட்டுக் கூட்டிப்போனான். வழி நெடுக கோதுமையும் மஞ்சள் பூத்த கனோலாவும்தான். நடுநடுவே வெள்ளை பூத்த தரையில் மொட்டையாக நிற்கும் பட்ட மரங்கள். ஆழ வேர் விட்ட மரங்களை வெட்டிக் கழனியாக்கியதும், குடிக்க ஆளில்லாத நிலத்தடி நீர் மேலே ஏறி, அடியில் கிடந்த உப்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அந்தக் கோதுமைக் கடலுக்கு நடுவே திட்டுத் திட்டாக மிஞ்சிய காடு இது. 2022இல்தான் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

இங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுக்க வானம் காய்ந்து கிடக்கும். கலிஃபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம், மத்தியதரைக் கடலோரம், அப்புறம் இந்த மூலை. உலகத்தில் இந்தக் கணக்கில் மழை பெய்வது இந்த ஐந்து இடங்களில்தான். ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை நான்காகப் பிரிக்கவில்லை, ஆறாகப் பிரித்திருக்கிறார்கள்! கார், கூதிர் என்று நாம் உருப்போட்டது ஞாபகம் வந்தது. நாங்கள் போனது 'ஜில்பா' முடிந்து 'கம்பராங்' தொடங்கும் சமயம். காடு முழுக்கப் பூ.

காடு என்றதும் ஜவ்வாது மலையை நினைக்காதே. இங்கே மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், வெளிச்சம் தரைவரை விழும். வாண்டூ என்று ஒரு யூகலிப்டஸ், வெளுத்த பட்டை. இன்னொன்று பவுடர்பார்க். பெயருக்கேற்ப அடிமரத்தைத் தடவினால் கையெல்லாம் வெள்ளைத் தூள். திருநீறு மாதிரி இருக்கிறதே என்று நெற்றியில் இட்டுக்கொண்டேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

நாங்கள் தேடிப் போனது நம்பட். அணில் சாயல், ஆனால் சுமார் அரைக் கிலோ எடை. கங்காருவின் தூரத்துச் சொந்தம், ஆனால் பை கிடையாது. அநேகமாகக் கறையானைத் தவிர வேறெதுவும் தின்னாது, ஒரு நாளைக்கு 20,000 வேண்டுமாம். நரிகளுக்கு இரையாகி, எழுபதுகளின் கடைசியில் இந்தக் காட்டிலும் தெற்கே பெரப் என்ற இன்னொரு காட்டிலும் மட்டும்தான் மிஞ்சியது.

இரண்டு நாள் ஜன்னலை இறக்கிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் செம்மண் பாதையில் போனோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குமேல், வெயில் ஏறிய நேரத்தில், மகன் வண்டியை நிறுத்தி என் கையை அழுத்தினான். பத்தடி தூரத்தில், கீழே கிடந்த ஒரு கட்டையின் மேல் முன்கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. செம்பட்டை உடம்பு, இடுப்புப் பக்கம் போகப் போகக் கருத்து, அதில் வெள்ளைக் கோடுகள். நம் அணிலுக்கு ராமர் நீளவாக்கில் தடவினார் என்றால் இதற்கு யாரோ குறுக்கே தடவியிருக்கிறார்கள். கண்ணுக்கு மை இட்டது போல மூக்கிலிருந்து காதுவரை கறுப்புக் கோடு. வாலைப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்து வைத்திருந்தது.

இறங்கி வந்து மண்ணை முகர்ந்தது. நாலு கீறு கீறியது, விரல்முட்டி இறங்கும் அளவுக்கு ஒரு குழி. அதில் மூக்கை நுழைத்து, நாக்கை விட்டு விட்டு இழுத்தது. அதற்குள் அடுத்த இடம். புற்றை உடைக்கும் பலம் அதற்கில்லை. வெயில் பட்டு மண் சூடேறி, கறையான்கள் மேல்வழிகளுக்கு வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் இதன் சொந்தக்காரப் பிராணிகள் பெரும்பாலும் ராத்திரி நடமாட, இது ஆபீஸ் நேரத்தில் வேலை பார்க்கிறது. மேலே ஏதோ பறவையின் நிழல் போனதும் அந்தக் கட்டையின் பொந்துக்குள் போய்விட்டது.

அந்தப் பொந்தைக் குடைந்ததும் கறையான்தான், செல்வி! உயிரோடு நிற்கும் வாண்டூவின் வைரத்தைத் தின்று உள்ளே கூடாக்கிவிடும். நிற்கிற மரத்தின் பொந்து கிளிக்கு, ஒடிந்து விழுந்த கிளையின் பொந்து நம்பட்டுக்கு. சோறும் வீடும் ஒரே ஆள் தருகிறான்.

விஷமும் இங்கே காவல்தான். அவரைப் பூ போல ஆரஞ்சும் சிவப்புமாய்ப் பூக்கும் ஒரு புதர் உண்டு. அதன் இலையைத் தின்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆடுமாடுகள் செத்து விழுந்தன. இந்த மண்ணிலேயே வளர்ந்த பிராணிகளுக்கு அந்த விஷம் பழகிப்போயிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த நரிக்குப் பழகவில்லை. அதே விஷத்தை 1080 என்ற பெயரில் கறித்துண்டில் வைத்துப் போட்டுத்தான் நரியைக் குறைத்தார்கள், நம்பட்டும் பெருகியது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. நரி குறைந்ததும் பூனை பெருகிவிட்டது. பூனைக்கு உயிருள்ள இரைதான் பிடிக்கும், போட்டுவைத்த கறியைச் சட்டை செய்வதில்லை.

இந்தக் காடு கோதுமை வயலாகாமல் தப்பியதற்குக் காரணம் கேட்டால் உன் அப்பா சிரித்திருப்பார். தோல் பதனிடும் பட்டைதான்! மாலெட் என்ற மரத்தின் பட்டைக்காக 1920களிலிருந்து இங்கே தோப்பு வைத்தார்கள், அதனால் நிலம் வனத்துறையிடமே நின்றது. வாணியம்பாடி தோல் ஷாப்பில் அவர் ஆவாரம்பட்டை மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் இங்கே தோப்பு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ராத்திரி பார்னா மியா என்ற இடத்தில் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் வாய்லியைப் பார்த்தோம். முயல் அளவு கங்காரு. மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தோண்டித் தின்று, ஆண்டுக்கு 5 டன் மண்ணைப் புரட்டிப் போடுமாம். இங்கேயும் சந்தனம் உண்டு, நம்முடையதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் கொட்டையை வாய்லி அங்கங்கே புதைத்துவைக்கும், சிலதை மறந்துவிடும். மறந்தது முளைக்கும். வாய்லி ஒழிந்த இடங்களில் சந்தனக் கன்றும் அருகிவிட்டது.

அதனால் கேட்கிறேன், உன் கொல்லைச் சந்தனக்கன்று எப்படி இருக்கிறது? பக்கத்தில் நிற்கிற துவரையைக் களை என்று பிடுங்கிவிடாதே. அதன் வேரை உறிஞ்சித்தான் அது வளர்கிறது. மருந்தடிக்கிறவன் மறுபடி வந்தால் வீட்டுக்குள்ளோடு நிறுத்து, கொல்லைப் பக்கம் விடாதே.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஊருக்கு வருகிறேன். ஆல்பத்தில் தேறியதை எடுத்து வை. மொட்டைமாடிப் படத்தில் என் தலை போயிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
வசந்தா