திரை ஓடிய நேரத்தை அல்ல, மாணவர் நினைவில் நின்றதை அளக்க வேண்டுகிறோம்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை, பாடநூலில் க்யூஆர் குறியீடு, பாடக் காணொளிகள் தரும் மணற்கேணி செயலி என அரசுப் பள்ளிகளுக்கு வந்தவை நிறைய. இவற்றைப் பற்றிய செயலாய்வுகள் (ஆசிரியர்கள் தம் வகுப்பிலேயே செய்யும் ஆய்வுகள்) பலவும் திரை ஓடிய நேரம், காணொளி பார்த்தவர் எண்ணிக்கை, 'பயனுள்ளதாக இருந்ததா?' என்ற கருத்துப்படிவம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கருவி பயன்பட்டதா என்பதற்குத்தான் இவை சாட்சி. பிள்ளை கற்றாளா என்பதற்கு அல்ல.

பெரு நாட்டில் மடிக்கணினித் திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்துக்கு வெளியே இருந்த பள்ளிகளில் மாணவருக்கு 0.12 கணினி, திட்டப் பள்ளிகளில் 1.18. கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைப் பயன்படுத்தும் மையங்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வோ, நான்கரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) முன்னேற்றத்தைக் கண்டது. அங்கே மென்பொருள் வகுப்புக்கு உரிய பாடத்தில் தொடங்காமல், ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்தில் தொடங்கியது. ஆகவே ஆராய வேண்டியது, கருவி பாடத்தின் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை.

அதற்கு எளிய வடிவம் ஒன்று உண்டு. ஒரே ஆசிரியர் எடுக்கும் 'அ', 'ஆ' பிரிவுகளுக்கு ஒரே காணொளி. 'அ' பிரிவில் மூன்று இடங்களில் நிறுத்தி, மாணவர் குறிப்பேட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதட்டும். 'ஆ' பிரிவில் காணொளி நிற்காமல் ஓடட்டும். மிஞ்சும் நேரத்தில் அதையே மீண்டும் பார்க்கட்டும். அடுத்த பாடத்தில் இரு பிரிவுகளின் முறையையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுங்கள். முன்னறிவிப்பில்லாத தேர்வை அன்றைக்கே ஒருமுறையும், ஏழு நாள் கழித்து ஒருமுறையும் வையுங்கள். இரண்டாவதை விடவே கூடாது. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். அன்றைய தேர்வை மட்டும் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

முதல் இரண்டு வாரத் தரவைத் தனியே வையுங்கள். புதுக்கருவி தரும் உற்சாகம் அதில் கலந்திருக்கும். மின்தடை, இணையம் அறுந்தது, அன்றைய வருகை ஆகியவற்றையும் பதிவு செய்யுங்கள். இரண்டாம் தேர்வுக்கு வராதவர்கள் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளைகள் என்றால், சராசரி பொய்யாக உயரும்.

மாணவரின் சிந்தனையை அளப்பது இன்னும் கடினம். மாணவர் தம் கற்றலைப் பற்றி எழுதும் சிந்தனைக் குறிப்பேட்டில் 'இன்று என்ன கற்றாய்?' என்று கேட்டால் 'நன்றாகப் புரிந்தது' என்றே எழுதுவார்கள், குறிப்பாக அந்த நோட்டை மேலதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தால். அதனால் அந்தக் குறிப்பேட்டைப் பள்ளியை மேற்பார்வையிட வரும் அலுவலரின் பார்வையிலிருந்து விலக்கி உத்தரவிடுங்கள், மதிப்பெண்ணும் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுதியதும், சரி என்று எவ்வளவு உறுதி என்பதை 1 முதல் 3 வரை குறிக்கச் சொல்லுங்கள். 3 போட்டுத் தவறாக எழுதியவை குறைந்துகொண்டே வந்தால், தனக்கு எது தெரியாது என்பதைப் பிள்ளை கண்டுகொள்கிறாள் என்று பொருள். விளக்கமாக எழுதியவற்றில் 20 ஏடுகளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே தரப்படுத்தட்டும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் முரண்பட்டால், அளவுகோலைத் திருத்திய பிறகே மற்ற ஏடுகளைத் தொட வேண்டும்.

ஒரு வகுப்பின் 40 பேர் 40 தனிச் சான்றுகள் ஆகமாட்டார்கள். ஆசிரியரும் சூழலும் அவர்களுக்குப் பொது. வகுப்புக்குள் ஒட்டுறவு (ஒரே வகுப்பு மாணவரின் மதிப்பெண்கள் ஒன்றுபோல் அமையும் அளவு) 0.2 என்று கொண்டால், பத்து வகுப்புகளின் 400 மாணவர் ஏறக்குறைய 45 பேர் அளவுக்கே சான்றாவார்கள். ஒற்றைப் பள்ளி ஆய்வு அந்த ஆசிரியருக்கு உதவும். மாநிலத்துக்கு முடிவு சொல்லப் போதாது. ஒரே வடிவத்தை ஒரே பருவத்தில் பல மாவட்ட நிறுவனங்கள் சேர்ந்து செய்ய ஏற்பாடு வேண்டும்.

கல்வித்துறைப் பதிவில் மாணவரை அடையாளம் காட்டும் எமிஸ் எண் ஆய்வுக் கோப்பில் இடம்பெறக் கூடாது. வேறு குறியீடு கொடுத்து, பெற்றோரின் ஒப்புதலையும் பெறுங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே கேள்வியையும் அளவுகோலையும் எழுதி உங்களிடம் ஒப்படைக்கும் நடைமுறையை வரும் கல்வியாண்டிலேயே கொண்டுவாருங்கள். பயன் இல்லை என்று முடிந்த ஆய்வுகளையும் அதே தொகுப்பில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வகுப்பறை ஆய்வில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள்