நான்காம் நாள் ரத்தம்

அன்புள்ள சேகர்,

உன் தம்பி மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "முதலில் ஸ்க்ரப் டைஃபஸ் இல்லை என்றார்கள், பத்து நாள் கழித்து இருக்கிறது என்கிறார்கள், எதை நம்புவது?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். இரண்டையும் நம்பலாம்.

சிற்றுண்ணி கடித்து வருகிற இந்த ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு எங்கள் ஆய்வகத்தில் செய்கிற ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை, கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைக் கண்டு உடம்பு உண்டாக்கிய ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது பரிசோதனையில் தெரியும் அளவுக்குச் சேர ஒரு வாரம் பிடிக்கும். அவனுக்கு நான்காம் நாளே ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது வெய்ல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை மட்டும்தான். அதில் இந்தக் கிருமியே கிடையாது! புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் ஓஎக்ஸ்-கே வகையோடு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, கலந்து, திரள்கிறதா என்று பார்ப்போம். தப்பிப் போனவை ஏராளம். எலிசா எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு: ஐஜிஎம் பல மாதங்கள் ரத்தத்திலேயே தங்கிவிடும். போன வருடக் காய்ச்சலின் மிச்சம்கூட இன்று பாசிட்டிவ் காட்டலாம். அதனால்தான் இரண்டு வாரம் விட்டு இன்னொரு மாதிரி கேட்கிறோம். எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை. அதற்குள் நோயாளி எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார், அது வேறு விஷயம்.

உங்கள் டாக்டர் அறிக்கைக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கியதுதான் பெரிய காரியம். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் இருந்த கருத்த புண்ணையும் அவரே கண்டுபிடித்தாராமே! கடிக்கிற சிற்றுண்ணிக் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது, புண்ணும் வலிக்காது. சட்டையைக் கழற்றிப் பார்க்காவிட்டால் அகப்படாது. அந்தப் பொருக்கைக் கொஞ்சம் எடுத்து, கிருமியின் மரபணுவையே தேடுகிற பிசிஆர் பரிசோதனை செய்திருந்தால் நான்காம் நாளே விடை தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன். வெகுநாள் முன்பு, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்ற கட்டம் காலியாக இருந்த படிவத்தின் மேல் நெகட்டிவ் என்று நானே கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் பிழைத்தார், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய் வந்தார். அப்புறம் அந்தக் கட்டம் காலியாக வந்தால் போன் செய்து கேட்காமல் விட்டதில்லை. புதுப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மாத்திரையை முழுதாக முடிக்கச் சொல். புண் ஆறிவிட்டதா என்று எழுது.

உன்,
முருகன்