எடைக்கருவியில் ஏற்றுவதற்கு முன்…

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல் பருமன் பற்றிய கட்டுரைகள் நிறைய வருகின்றன. உணவு ஆலோசனைக்கு வருபவரை, உட்காரச் சொல்வதற்கு முன்பே எடைக்கருவியில் ஏற்றிவிடும் வழக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. பலருக்கு ஆலோசனை அந்த இடத்திலேயே முறிந்துவிடுகிறது.

1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திய எடைக்குறைப்புச் சிகிச்சையில், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. குழந்தைப் பருவத் துயரங்கள் பற்றி 1998-இல் வெளியான பெரிய ஆய்வுக்கு இதுவே வித்து. சிலருக்குப் பருத்த உடல் ஒரு காப்பு; சாப்பாடு, பதற்றத்தை அடக்கக் கையில் இருந்த ஒரே வழி. அவர்களிடம் ‘வாயைக் கட்டுங்கள்’ என்றால் அடுத்த முறை வரவே மாட்டார்கள்.

மன உறுதி இல்லை என்று பழிப்பதும் தவறு. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சோர்வு, எரிச்சல். பட்டினி முடிந்த பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. பட்டினிக்கு உடல் தரும் பதில் அது.

எடை பார்க்கவே கூடாது என்பதல்ல. இதயச் செயலிழப்பு, டயாலிசிஸ், எடையை வைத்து மருந்தளவு கணக்கிடுவது போன்றவற்றுக்கு எடை தேவை. அப்போதும் காரணத்தைச் சொல்லி, அனுமதி கேட்டு, தனியறையில் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்க்க விரும்பாதவரை, திரைக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லலாம். எண்ணை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. முகமும் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் எடை அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இடுப்பளவு எடுக்கத் தொடுவதற்கும் இதே போல அனுமதி வேண்டும். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி இருக்கட்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும் நிலைகூட வரும்.

‘உடல் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடுங்கள்’ என்ற அறிவுரையைத் தொடக்கத்திலேயே சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. சிறுவயதுக் கொடுமை போன்ற கடும் பாதிப்பைக் கடந்து வந்தவர்களில் பலருக்குப் பசியும் நிறைவும் சரியாகத் தெரிவதில்லை. அவர்களுக்கு முதலில் கடிகாரம்தான் துணை: 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 3 வேளை சாப்பாடு, இடையில் 2 சிற்றுணவு. சில வாரங்கள் இது நிலைத்த பிறகு பசியைப் பற்றிக் கேட்கலாம். கலோரி எழுதும் நோட்டு வேண்டாம். எப்போது சாப்பிட்டார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்தால் போதும்.

எடை குறைந்தால் சர்க்கரை குறையாதா என்று கேட்பார்கள். பலருக்குக் குறையும். ஆனால் குறைத்த எடை பெரும்பாலும் சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது. அதனால் சர்க்கரையையே நேராகக் கவனிப்போம்: மாவுப் பண்டத்தைத் தனியாகச் சாப்பிடாமல் புரதமும் நார்ச்சத்தும் சேர்ப்பது, சாப்பிட்டதும் 10-15 நிமிடம் நடப்பது, 3 மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனை.

பெரிய உடல்வாகு கொண்டவர் மளமளவென்று இளைத்தால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எங்களை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். ஒல்லியாகத் தெரியாமலேயே ஒருவர் பசியின்மை நோயின் (எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் ‘அனோரெக்சியா’ என்ற மனநோய்) அத்தனை ஆபத்திலும் இருக்கலாம். தலைசுற்றல், மாதவிடாய் நிற்பது, விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போவது ஆகியவை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள்.

பழைய காயத்தைக் கிளறுவது உணவு ஆலோசகரின் வேலை இல்லை. ஆலோசனைக்கு வந்தவர் தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, அவர் சம்மதித்தால் மனநல நிபுணரிடம் அனுப்பலாம்.

ஆலோசனை மையங்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. வருகைப் படிவத்தில் ‘இன்று எடை பார்க்கச் சம்மதமா?’ என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். ‘வேண்டாம்’ என்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்